சிவப்புத் துணி கட்டாத கீரை

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் கறிவேப்பிலைக்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றிக் கெடுக்கிறார்கள், மேடம். இலை மஞ்சளடித்திருப்பது சத்துக் குறைவால் இல்லை. வேர் சொதசொதவென்று கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஊற்றினால் போதும். புளித்த மோர் மிஞ்சினால் தண்ணீர் கலந்து தூரில் விடச் சொல்லுங்கள். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் துளிர் வெடிக்கும். உள்ளே வரும்போது கண்ணில் பட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம்.

ஏட்டையா இதையும் எழுதுகிறார்போல் இருக்கிறது. எழுதட்டும். உபயோகமான விஷயம்தான்.

என் பெயர் விஜயகுமார். சொந்த ஊர் ராசிங்காபுரம். போடியில் தோட்டக்கலைத் துறையின் உதவி அலுவலர். வருகிற வைகாசியோடு ஓய்வு. உங்கள் மேசையில் நான் வைத்திருப்பது இரண்டு பொருள். பாலிதீன் கவரில் இருப்பது சிவப்புத் துணி, அதை வெறுங்கையால் தொடவேண்டாம். மற்றது ஒரு நோட்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வந்தது சந்திரவல்லி வழக்கு சம்பந்தமாக. மேலத் தெருவில் முனீஸ்வரி கீரை சாப்பிட்டுச் செத்துப்போனதற்கு அந்தம்மா காரணம் இல்லை. அவரைப் பிடித்து உள்ளே வைத்து இன்றோடு இருபத்திரண்டு நாள். அவர் அந்தக் கீரைக்கு மருந்தடிக்கவில்லை, அடிக்கிறவரும் இல்லை. என்னைக் கேட்டால், நடந்ததில் நான் செய்தது ஒரே ஒரு காரியம்தான். ஒரு துணியை அவிழ்த்தேன். அதை வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் முதலிலிருந்து சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் மாடித்தோட்டத் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மொட்டைமாடி உள்ள வீட்டுக்கு ஆறு வளர்ப்புப் பைகள், தென்னைநார்க் கட்டி, விதை, கூடவே நான் எழுதிய முப்பத்திரண்டு பக்கக் கையேடு. புதன்கிழமை தோறும் வகுப்பு. போடியில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஏலக்காய் விலைதான் பேச்சு. அந்த ஊரில் கத்தரிக்காயைப் பற்றியும் புதினாவைப் பற்றியும் பேச வைத்தவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மேலத் தெரு மாடிகளைப் பார்க்கத் திருச்சியிலிருந்துகூட வந்திருக்கிறார்கள்.

கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் சிவப்புத் துணி வருகிறது. பணியில் சேர்ந்த புதிதில் என்னைக் குரங்கணிப் பக்கம் போட்டிருந்தார்கள். ஏலத்தோட்டத்தில் மருந்தடித்த பகுதிக்குள் காய் பறிக்கிறவர்கள் போய்விடக்கூடாது என்பதற்காக, பாதை ஓரத்துச் செடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைப்பார்கள். இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. நாள் முடிந்ததும் கங்காணி வந்து அவிழ்ப்பார். எழுத்து தெரியாதவருக்கும் விளங்குகிற ஏற்பாடு. அதை மலையிலிருந்து இறக்கி, போடி மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தேன். செடிக்கு மருந்தடித்தால் பையில் சிவப்புத் துணி கட்டவேண்டும், காத்திருப்பு நாள் முடிகிறவரை ஒரு இலையைக்கூடத் தொடக்கூடாது.

ஒரே வருடத்தில் தெரு முழுக்கப் பழகிவிட்டது. பழைய சேலை, பள்ளிக்கூட ரிப்பன், கோயிலில் கட்டிய கயிறு என்று கிடைத்த சிவப்பையெல்லாம் கட்டினார்கள். ஒரு வீட்டில் மருமகள் மேல் இருந்த கோபத்தில் மாமியார், மருந்தே அடிக்காத கத்தரியில் துணி கட்டிவைத்துப் பதினைந்து நாள் பறிக்கவிடாமல் செய்தார். பஞ்சாயத்து என்னிடம்தான் வந்தது. சிரித்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, மேடம். நான் சொன்ன ஒரு கந்தல் துணிக்கு அவ்வளவு மரியாதை.

வகுப்பில் முதல் வரிசை முனீஸ்வரி. முப்பத்திரண்டு வயது இருக்கும், என் மகள் வயது. கணவர் சூர்யபிரகாஷ் செல்போன் கடை வைத்திருக்கிறார், ஒரே ஒரு பெண் குழந்தை. நான் வாயைத் திறந்தால் அவள் எழுத ஆரம்பிப்பாள். தும்மினால்கூட எழுதுவாள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். கொத்தமல்லி விதையை உடைத்துப் போடவேண்டும் என்று நான்கு வருடத்துக்கு முன் சொன்னதைத் தேதியோடு எடுத்துக் காட்டுவாள். ஒரு ஆசிரியனுக்கு அப்படி ஒரு மாணவி போதும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சந்திரவல்லி வந்தார். முப்பது வருடம் இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கணவர் இல்லை. போடிக்கு இறங்கி, ஒரு வியாபாரியின் கொட்டகையில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் வாடகைக்கு எடுத்தது, புதன்கிழமை வகுப்பு நடக்கிற எங்கள் துறையின் மாதிரித் தோட்டம் உள்ள வீட்டின் மேல் அறை. படிக்கட்டு வெளிப்பக்கம், மாடிக்கு யாரும் ஏறலாம். அவருக்கும் ஆறு பை கொடுத்தேன். என் கையாலேயே சுமந்து ஏற்றினேன்.

அவர் முதல் வகுப்புக்கு வந்த அன்று அசுவினிப் பூச்சிக்கு என்ன மருந்து என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து இடுக்கிப் பேச்சில் கேட்டார், போதும் என்பதற்கு மதி என்பார்.

“எதுக்கு சாரே மருந்து? ஆறு பைக்கு ரெண்டு கையி போதாதா? வெரல வச்சுத் தேச்சு விட்டா மதி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு பைக்கு இரண்டு கை போதும் என்பது உண்மைதான். ஆனால் என் கையேட்டில் பதினொன்றாம் பக்கத்திலிருந்து பதினேழாம் பக்கம் வரை மருந்தைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

அந்தம்மா மீன் கழிவை வெல்லம் போட்டு ஒரு டிரம்மில் ஊறவைத்து ஊற்றுவார். மாடியே நாறும். ஆனால் செடிகள் வந்ததைச் சொல்லவேண்டும். அந்தம்மாவின் சிறுகீரை உள்ளங்கை அகலம் இருந்தது. வகுப்பு முடிந்ததும் பெண்கள் என்னிடம் சந்தேகம் கேட்க வருவது வழக்கம். அது மெல்ல மெல்ல டிரம் பக்கம் நகர்ந்தது. நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன், அங்கே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். ஒரு புதன்கிழமை, பலகை துடைக்கத் தேவையில்லாத அளவுக்குச் சுத்தமாக இருந்தும் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலித்தது. மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். என் பாடத்தைப் பத்து நிமிடம் கேட்டார், டிரம் பக்கம் ஒரு மணி நேரம் நின்றார். கையேட்டுக்குப் புதுப் பதிப்பு போடலாம் என்றார். சந்தோஷப்பட்டேன். அட்டையில் சந்திரவல்லி அம்மாவின் படம் போடலாம், மருந்துப் பக்கங்களை எடுத்துவிடலாம் என்றார். அவர் ஜீப்பில் ஏறுகிற வரை தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு வகுப்பு. காத்திருப்பு நாளைப் பற்றியும் துணியைப் பற்றியும் பேசினேன். யாராவது அனுபவம் சொல்லுங்கள் என்றேன். அது எங்கள் பயிற்சி முறை. சந்திரவல்லி எழுந்தார்.

“எங்க தங்கச்சி பாண்டீஸ்வரி, சாரே. துணி கட்டி மூணு நாளுதேன் ஆச்சு. காயி பழுத்துப் போகும்னு கங்காணி துணிய அவுத்துச் சட்டப்பையில போட்டுக்கிட்டாரு. இவ வந்து பாத்தா. துணி இல்ல. கூடையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. சாயங்காலம் வாயில நுரை. கங்காணி மேல ஒரு கேசும் கெடையாது. அவரு என்ன செஞ்சாரு? ஒரு துணிய அவுத்தாரு, அம்புட்டுத்தான?”

உட்காரப் போகும்போது அவரே சொன்னார். “அன்னையில இருந்து நான் துணிய நம்புறதில்ல. மருந்தே படாத செடியத்தான் நம்புறேன்.”

முனீஸ்வரி அழுதுகொண்டே எழுதினாள். என் வகுப்பில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

கார்த்திகை முடிவதற்குள் மேலத் தெருவில் யாரும் மருந்தடிப்பதில்லை என்று ஆனது. ஒரு நாள் மாதிரித் தோட்டத்து மாடியில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் அங்கொன்று இங்கொன்றாகச் சிவப்பு தெரியும். அன்று எங்குமே இல்லை. பத்து வருட வேலை ஒரு கதையில் போய்விட்டது.

மருந்தை விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை, மேடம். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் பறிக்கப் பழகிவிட்டார்கள் என்பதுதான் என் கவலை. வகுப்பு முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு பிடி கீரை பறித்துப்போவது மேலத் தெரு வழக்கம். முன்பு பையைச் சுற்றிப் பார்ப்பார்கள், துணி உண்டா என்று தேடுவார்கள், என்னைக் கேட்பார்கள். இப்போது நேராகச் சந்திரவல்லியின் பைகளில் கை போகும். பக்கத்து மாடியில் அடித்த மருந்து காற்றில் வந்து விழுந்திருக்கலாம், வேறு யாராவது அடித்திருக்கலாம், எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும் என்று மூன்று வகுப்புகளில் சொன்னேன். மூன்றாவது வகுப்பில் மகாராணி என்கிற பெண் வாய்விட்டே சொன்னாள்.

“விடுங்க சார். அக்கா கீரைக்கு யாரக் கேக்கணும்?”

எங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தருவது ஒன்று உண்டு. ஜனங்களுக்குச் சொற்பொழிவு ஏறாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி போட்டு, செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணெதிரே காட்டவேண்டும். அதற்குச் செயல்விளக்கம் என்று பெயர். என் வேலைக்காலம் முழுவதும் நான் செய்தது அதுதான். கேட்காமல் பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் செயல்விளக்கம் காட்டியதே இல்லை என்று எனக்குத் தோன்றியது. நாலு பேருக்கு வயிற்றைப் புரட்டும், ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான்.

தை மாதம் இரண்டாவது வாரம் குரங்கணிக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். அங்கே ஜீப்பு ஓட்டுகிற வீரணன் எனக்குப் பழக்கம், தோட்டங்களுக்கு மருந்து லோடு ஏற்றுகிறவர். அவர் மேல் தப்பில்லை, அவரைத் தொந்தரவு செய்யவேண்டாம். தோட்டத்தில் மிஞ்சியதைச் சோடா பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். பேர் கிடையாது, லேபிள் கிடையாது, மலை மருந்து என்றால் போதும். என் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று சொல்லி ஒரு பாட்டில் கேட்டேன்.

“கொண்டு போங்கண்ணே. ஆனா கீரை காயி பக்கம் கொண்டு போயிறாதீக. நீங்க படிச்சவுக, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்லவேண்டியதில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாடி ஏறினேன். சந்திரவல்லி கொட்டகைக்குப் போயிருந்தார், கீழ்வீட்டார் வெளியூரில். நான் அந்த மாடிக்குப் போவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள், துறையின் பலகையே அங்கே என் பெயரோடு தொங்குகிறது. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டேன். கையேட்டில் எழுதிவிட்டு நானே போடாமல் இருக்கக்கூடாது. லேபிள் இல்லாத மருந்துக்கு அளவு எப்படி என்று கேட்பீர்கள். அளவு கிடையாது. அளவு தெரியாத மருந்தைத் தொடாதே என்று பன்னிரண்டாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. அந்தம்மாவின் ஆறு பைகளுக்கும் அடித்தேன். மாதிரித் தோட்டத்துப் பைகளில் ஒரு சொட்டு விழவில்லை. அதில் கவனமாக இருந்தேன்.

ஆக, அடித்தது நான்தான். முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். ஏட்டையா மேலே எழுதியதைத் திருத்திக்கொள்ளட்டும்.

அடித்து முடித்ததும் என் பையில் எப்போதும் இருக்கிற சிவப்புத் துணியை எடுத்து முதல் பையில் கட்டினேன். வேண்டுமென்று கட்டவில்லை. கை அதுவாகவே கட்டியது. கட்டிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றிருப்பேன். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது, நல்ல வெயில். அந்தத் துணியோடு விட்டுவிட்டு இறங்கியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. சாயங்காலம் அந்தம்மா பார்த்திருப்பார், யார் அடித்தது என்று சத்தம் போட்டிருப்பார், கீரையைப் பிடுங்கி எறிந்திருப்பார். அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்தத் துணிதான் இது.

அவருக்கு வாடை தெரியாமல் போனதற்கு அந்த மீன் டிரம்தான் காரணம். சாயங்காலம் தண்ணீர் விட்டிருப்பார், ஆனால் தூரில் மட்டும்தான். மாலையில் இலை நனையக்கூடாது என்பது ஆறாம் பக்கம். என் கையேட்டில் அந்தம்மா ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது.

பாட்டிலை டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தது மறதி. இப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தெளிப்பானை மறக்கவில்லை, கையுறையை மறக்கவில்லை, துணியை மறக்கவில்லை. பாட்டிலை மட்டும் மறந்தேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்புவதை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். விதைக்கும் முன் விதையைப் பக்குவப்படுத்தும் விதைநேர்த்தி பற்றிப் பாடம். நன்றாக எடுத்தேன் என்று நினைக்கிறேன். முடிந்ததும் வழக்கம்போல் பறிக்கப் போனார்கள். நான் படிக்கட்டு ஓரமாக நின்று வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தேன். ஒருவர் பின் ஒருவராகப் பறித்தார்கள், பதினொரு பேர் எதையும் பார்க்கவில்லை, எவரையும் கேட்கவில்லை. முனீஸ்வரியும் பறித்தாள். சந்திரவல்லிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. “செரி, நாளைக்கித் துளுத்துரும்” என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அந்தம்மா சாப்பிடாததைத்தான் நீங்கள் பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு ஒரு பிடி நீட்டினார்கள். வீட்டில் விரதம் என்றேன்.

எல்லோருக்கும் மதியத்துக்கு மேல் வாந்தி, மயக்கம். பதினொரு குடும்பங்களில் எல்லோரும் இரண்டு மூன்று நாளில் தேறிவிட்டார்கள். முனீஸ்வரி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியில் மிஞ்சியதை வழித்துப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறாள். நம் வீடுகளில் பெண்கள் அப்படித்தானே. குழந்தை கீரையே தொடாது என்று அவள் ஒரு வகுப்பில் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். என்ன மருந்தாக இருக்கும் சார், உங்களுக்குத் தெரியுமே என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். பாட்டிலில் பெயர் இல்லை, அதனால் எனக்கும் தெரியாது. தெரியாது என்றேன். அது பொய் இல்லை. மலையிலிருந்து வந்தது என்று சொல்லியிருந்தால் அவருக்கு உதவியாக இருந்திருக்குமோ என்னவோ. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முனீஸ்வரி போய்விட்டாள்.

அன்று நீங்கள் என்னைத்தான் மாடிக்குக் கூட்டிப்போனீர்கள், ஞாபகம் இருக்கும். துறைக்காரர், விவரம் தெரிந்தவர் என்று. டிரம்முக்குப் பின்னால் தேடுங்கள் என்று நான் சொல்லவில்லை. டிரம்மைப் பார்த்தேன். நான் பார்த்த இடத்தை நீங்கள் பார்த்தீர்கள். பாட்டிலை எடுத்தபோது அந்தம்மா உங்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“சாரே, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் மருந்தத் தொட்டதே இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமே?”

விசாரணையில் எல்லாம் தெரிந்துவிடும் அம்மா என்றேன்.

அதற்கப்புறம் நடந்தது எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. காத்திருப்பு நாளைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்டுப் பறிக்கவேண்டும் என்றும் யாரும் பேசவில்லை. வீட்டில் கீரை வளர்த்தாலே ஆபத்து என்று கிளப்பிவிட்டார்கள். மேலத் தெருவில் பைகளை அறுத்து மண்ணைச் சாக்கடையில் கொட்டினார்கள். திட்டத்தை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினேன், என் கையேட்டின் இருபதாம் பக்கத்தில் மடித்துக் கொடுத்தார்கள். செயல்விளக்கம் தோற்றுவிட்டது. தோற்றால் தோற்றது என்று அறிக்கை எழுதவேண்டும், அதுதான் முறை.

போன வாரம் சூர்யபிரகாஷ் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். இந்த நோட்டைக் கையில் கொடுத்தார்.

“அவ ஒங்க வகுப்பு பூராத்தையும் இதுல எழுதி வச்சிருக்கா சார். எனக்கு இதப் பாக்கத் தெம்பு இல்ல. ஒங்ககிட்ட இருந்தா நாலு பேருக்கு ஒதவும்னு தோணுச்சு. நீங்கன்னா அவளுக்கு உசுரு, சார்.”

உட்கார்ந்து முழுவதும் படித்தேன். நான்கு வருடப் பாடம், ஒரு புதன்கிழமைகூட விடுபடவில்லை. நானே மறந்துபோனது எல்லாம் இருக்கிறது. என்ன அழகான கையெழுத்து என்று பாருங்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள், மேடம். அந்தப் புதன்கிழமைத் தேதி. அடியில் நாலே வரி.

‘சந்திரவல்லி அக்கா கீரை. மருந்து வாடை மாதிரி இருக்கிறது. துணி இல்லை. சாரிடம் கேட்டேன், பறிக்கலாம் என்றார்.’

மாடியிலேயே, கீரையை மடியில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். சூர்யபிரகாஷ் இதைப் படிக்கவில்லை. இந்தத் தாளை நான் கிழித்திருக்கலாம். கிழித்திருந்தால் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கமாட்டேன். ஆனால் தாளைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் என் விதைநேர்த்திப் பாடம் ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறது. மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கிழிக்க மனம் வரவில்லை. வழக்கு முடிந்ததும் இதை ஒரு நகல் எடுத்துத் துறைக்கு அனுப்பினால் நல்லது. புதுப் பதிப்புக்கு ஆகும்.

முன்னே சொன்னபோது முனீஸ்வரியும் பறித்தாள் என்று கடந்து போய்விட்டேன். அங்கே ஒன்று விடுபட்டது. பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் ஒருத்திதான் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள். பறிப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து கேட்டவளும் அவள் ஒருத்திதான். நான் எந்தப் பாடத்தைப் புகட்ட அவ்வளவும் செய்தேன் என்று இதுவரை உங்களிடம் சொன்னேனோ, அந்தப் பாடத்தை அவள் முன்பே படித்து முடித்திருந்தாள்.

“சார், வாடை அடிக்கிற மாதிரி இருக்கே. துணியக் காணோம். பறிக்கலாமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இது சத்தியம், எழுதிக்கொள்ளுங்கள். வே என்கிற எழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்.

“அக்கா கீரை ருசியே தனி, சார். நான் இப்பல்லாம் நம்ம பையில பறிக்கிறதே இல்ல.”

நோட்டில் அவள் சுருக்கமாக எழுதிவிட்டாள். நான் பறிக்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை. “தாராளமாப் பறிங்கம்மா, ரெண்டு பிடியா எடுத்துக்கங்க” என்றேன்.